புகைபோக்கிக்கு உரிய சூடு

என் வீட்டுக்குப் பெண் கொடுத்து, அதற்காகவே என்னிடம் எப்போதும் குரலைத் தாழ்த்திப் பேசிய சம்பந்தி கலியபெருமாள் அவர்களுக்கு,

வருகிற கார்த்திகையோடு நீங்கள் போய் ஒரு வருஷம். தொழிற்பேட்டைக்காரர்கள் தங்கள் மாத இதழில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கேட்டார்கள். "நீங்க வாத்தியாரு, சம்பந்தியும் கூட. உங்களைவிட யாருங்க எழுத முடியும்?" என்றார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு புகழுரை. உழைப்பாளி, அதிர்ந்து பேசாத மனிதர், தன் சூளையில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டவர் என்று எழுதினால் போதும். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் எழுதப்போவது அது இல்லை.

உங்களுக்கு மாரடைப்பு என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. இல்லை. நான் ஒரு தாளில் வரைந்து கொடுத்த வாய்க்கால்தான் உங்களைக் கொன்றது. அது எனக்கு அன்று மத்தியானமே தெரியும். பதினோரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் ஊர்ச் சேதி சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் மழை ஐப்பசி பிறந்ததுமே பிடித்துக்கொண்டது. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது, பாலத்தில் நின்று எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்கள். கரண்ட் முன்னைவிட மோசம், பகலில் மூன்று மணி நேரம் நிற்கிறது. உங்கள் ஷெட் பூட்டியே கிடக்கிறது. பீங்கான் பொம்மைகள் பாதி வண்ணத்தோடு அப்படியே பலகையில் நிற்கின்றன என்று உங்களிடம் வேலை பார்த்த அஞ்சலை சொன்னாள். நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

போன வருஷ மழையை நினைத்துப் பாருங்கள். அச்சில் வார்த்து எடுத்த பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் காயாமல் பலகையில் வியர்த்துக்கொண்டிருந்தன. அரைகுறையாகக் காய்ந்ததைச் சூளையில் ஏற்றினால், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் உடைத்துக்கொண்டு வரும். நான் சாயங்காலம் குடையோடு உங்கள் ஷெட்டுக்கு வந்தபோது, சூளைக்குள்ளிருந்து ஓட்டாஞ்சில்லாக வாரிக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"நாலு நாளா இப்பிடித்தான் வெடிக்குது சார்," என்றாள் அஞ்சலை. "தீவாளி போயும் எங்க மொதலாளிக்கு இன்னும் வெடி தீரல."

"உன் வாய்க்கு ஒரு மூடி செஞ்சி மொதல்ல சூளையில போடணும்டி," என்றீர்கள் நீங்கள்.

"செய்யுங்க. அதுவும் காயாம வெடிச்சிடும்."

எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே புகைபோக்கி பக்கம் போய்ச் செங்கல்மேல் கையை வைத்தேன். வைக்க முடியவில்லை, சுட்டது. அந்த இடத்தில்தான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றத்தான் முடியும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! சைக்கிளில் சரிவில் இறங்கிப் பிரேக் பிடி, இறங்கிப் போய்ப் பிரேக் கட்டையைத் தொட்டுப் பார், சுடும். உன் வேகம் எங்கும் போகவில்லை, அங்கேதான் இருக்கிறது என்பேன். அதே கண்ணோடு உங்கள் சூளையைப் பார்த்தேன். உள்ளே போடுகிற முந்திரி விறகின் சூடு எங்கே போகிறது? பொம்மைக்குக் கொஞ்சம், சுவருக்குக் கொஞ்சம். பெரும்பங்கு புகையோடு வானத்துக்கு. ஒரு பக்கம் ஈரத்தில் சரக்கு காயவில்லை, மறுபக்கம் காய வைக்கிற சூடு தலைக்குமேல் வீணாகப் போகிறது.

"இந்தப் புகைபோக்கி ஒரு திருடன் சம்பந்தி," என்றேன்.

"திருடனாங்க?" நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். "அவன் பாட்டுக்குப் பொகைய இழுத்துக்கினு போறான், பாவம்."

உங்கள் மேசையில் கிடந்த தாளின் பின்பக்கம் வரைந்தேன். புகை நேராகப் புகைபோக்கிக்குப் போக வேண்டாம். பக்கத்து அறையின் தரைக்கு அடியில் செங்கல் வாய்க்கால் கட்டி, மூன்று வளைவு வளைந்து போய், கடைசியில் புகைபோக்கியில் சேரட்டும். போகிற வழியில் சூட்டைத் தரைக்குக் கொடுத்துவிட்டுப் போகும். தரைமேல் பலகை அடுக்கினால் மழையிலும் சரக்கு காயும். விறகு ஒரு குச்சி கூடப் போட வேண்டாம்.

நீங்கள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கால் கட்டைவிரலால் சாம்பலைக் கிளறினீர்கள். "இவ்ளோ சுத்திக்கினு போனா இழுப்பு இருக்குமாங்க?" என்று கேட்டீர்கள்.

"சூடு எங்க போயிடும் சம்பந்தி? எதுவும் அழியறதில்ல."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அப்படிச் சொன்னால் நான் விடமாட்டேன். புரிந்து சொல்கிறானா, அடிக்குப் பயந்து சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். உங்கள் முகத்தை ஏன் பார்க்கவில்லை? இருபத்தைந்து வருஷம் சூளை வாயில் நின்றவர் நீங்கள். நெருப்பின் சத்தத்தை வைத்தே உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று சொல்வீர்கள். அந்தப் படத்தை வேறு எவனாவது வாத்தியார் வரைந்து நீட்டியிருந்தால், "போய்யா, உன் படமும் நீயும்" என்று சொல்லியிருப்பீர்கள். நான் உங்கள் மகளின் மாமனார். பெண் கொடுத்த இடத்தில் எதிர்த்துப் பேசக்கூடாது என்பது உங்கள் கணக்கு. அந்தப் பணிவைப் போய் நான் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேனே!

வாய்க்கால் பத்து நாளில் முடிந்தது. நன்றாகவே வேலை செய்தது. அதுதான் இன்னும் வேதனை. வேலை செய்யாமல் இருந்திருந்தால் அன்றே இடித்துப் போட்டிருப்பீர்கள். வெளியே ஊற்றுகிற மழையில், உள்ளே பொம்மைகள் மொடமொடவென்று காய்ந்தன. வேலைக்கு வரும் பெண்கள் அதற்கு 'சூடு ரூமு' என்று பேர் வைத்தார்கள். பிள்ளைகளின் யூனிபாரத்தைக்கூடக் கொண்டுவந்து அங்கே உலர்த்தினார்கள். பேட்டையிலிருந்து நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் நீங்கள், "எல்லாம் சம்பந்தி மூளைங்க, நான் சும்மா மண்ண மிதிக்கிறவன்" என்றீர்கள். நான் தரையைத் தட்டிக் காட்டி, முதல் விதி, இரண்டாம் விதி என்று பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஒருநாள் அஞ்சலை சொன்னாள்: "அந்த ரூமுக்குள்ள ஒரு மணி நேரம் இருந்தா தல கிறுகிறுங்குது சார். வாந்தி வராப்புல இருக்குது. வெளிய வந்தா சரியாப் போவுது."

"சூடும்மா அது. ஒடம்புத் தண்ணி வத்துது. மோர் குடி."

"மோரா! எங்க வூட்டு மாடு கறவ நின்னு ஆறு மாசம் ஆவுது. பச்சத் தண்ணிய வெள்ளன்னு நெனச்சிக்கினு குடிக்க வேண்டியதுதான்."

அதற்கும் சிரித்தோம். வெளியே வந்தால் சரியாகப் போகிறது என்று அவள் சொன்னதை நான் சூட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். என்னிடம் ஒரே ஒரு விளக்கம் இருந்தது, அதையே எல்லாவற்றுக்கும் கொடுத்தேன்.

கார்த்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மகள் செல்விக்குச் சீர் கொண்டுவந்தீர்கள். பொரி, வெல்லம், ஒரு புடவை. வழக்கம்போல நான் இரண்டு தரம் சொன்ன பிறகுதான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தீர்கள். செல்வி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னீர்கள்: "இழுப்பு கொஞ்சம் மட்டா இருக்குதுங்க சம்பந்தி. முன்னல்லாம் அடுப்பு வாயில நின்னா உம்முனு இழுக்கும். இப்ப பொக திரும்பி மூஞ்சில அடிக்குது."

"மழக்காத்து. ஈரம். வெயில் அடிச்சா சரியாயிடும்."

"சரிங்க." எழுந்து செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது, "தல வேற ரெண்டு நாளா கனமா இருக்குது" என்றீர்கள்.

"சளி. வூட்டுக்குப் போயி ஆவி புடிங்க."

"போயிட்டு வரேங்க."

அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. போகிற வழியில் என்ன நினைத்துக்கொண்டு போனீர்கள்? 'இந்த ஆளிடம் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்' என்றா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எரிப்பு முடிந்தது. அடுப்பில் தணல் மட்டும்தான். சூளைச் சூடு சட்டென்று இறங்கினால் சரக்கு வெடிக்கும் என்று புகைபோக்கியின் இரும்புத் தகட்டை முக்கால்வாசி மூடிவிட்டு, ஷெட்டை ஒட்டின வீட்டுக்கு வந்தீர்கள். உங்களுக்குக் காய்ச்சல். வெளியே மழை. பெண்களுக்கு அன்று லீவு. கஞ்சி குடித்துவிட்டுச் சூடு ரூமில் போய்ப் படுத்தீர்கள். மத்தியானம் ரசஞ்சோறு எடுத்துக்கொண்டு வந்த உங்கள் மனைவி பாக்கியம் தங்கச்சி உங்களை எழுப்பிப் பார்த்தார்கள்.

நானும் செல்வியும் ஆட்டோவில் வந்தபோது டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பத்து வருஷச் சர்க்கரை, இதயம் நின்றுவிட்டது என்றாராம். யாருக்கும் சந்தேகம் இல்லை. உங்கள் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்கள். "பாருங்கண்ணே, மொகம் எப்பிடிச் செவந்து இருக்குது பாருங்க. தூங்கறாப்புலயே இருக்குதே. செத்தவங்க மொகமா இது?"

இல்லைதான். செத்தவர் முகம் அப்படிச் சிவந்து இருக்காது. காற்றுப் போதாமல் கனிகிற தணலிலிருந்து ஒரு வாயு வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, மூடிய அறையில் கரியடுப்பை வைக்காதீர்கள் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த வாயு இரத்தத்தில் ஏறினால் முகம் சிவக்கும் என்றும் சொல்லியிருக்கிறேன். உங்கள் தலைமாட்டில், சுவரை ஒட்டித் தரையில் ஒரு விரிசல் ஓடியது. நகம் நுழைகிற அகலம். ஓரமெல்லாம் கரி. சூடாகிச் சூடாகி ஆறின தரை விரிசல் விடும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான்.

அப்போது நான் செய்ததை எழுதுகிறேன். பக்கத்தில் கிடந்த கோணிச் சாக்கைக் காலால் தள்ளி அந்த விரிசலை மூடினேன். பிறகு, கூட்டம் அதிகமாக இருக்கிறது, காற்று வரட்டும் என்று ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். எல்லாரும் எனக்குப் பொறுப்பான மனிதர் என்று பேர் வைத்தார்கள்.

சம்பந்தி, அதற்குப் பிறகு எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். என் கணக்கு எங்கே தப்பியது? முதல் விதியில் தப்பு இல்லை. சூடு அழியவில்லை, தரைக்குத்தான் வந்தது. நான் மறந்தது இரண்டாவதை.

சூடாக வைத்த டீ தானாக ஆறும், ஆறின டீ தானாகச் சூடாகாது என்பார்களே, அந்த விதிதான். அதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. நம் ஜங்ஷனில் கரி இன்ஜின் நின்ற காலத்தில், பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டியே அதைச் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும், வாங்கிய சூட்டில் ஒரு பங்கை வெளியே விட்டே ஆகவேண்டும். அந்தப் பங்கையும் பிடித்து வைத்துக்கொள்வேன் என்று கை நீட்டினால் இன்ஜின் நின்றுபோகும்.

புகைபோக்கியும் அப்படி ஒரு இன்ஜின்தான். சூடான புகை லேசானது, அதனால் மேலே ஏறுகிறது. ஏறுகிறபோது பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் சொன்ன அந்த 'உம்' சத்தம் அதுதான். நான் மூன்று வளைவு வைத்து, வழியெல்லாம் அதன் சூட்டைப் பிடுங்கிவிட்டேன். புகைபோக்கியின் அடிக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு மேலே ஏறத் தெம்பு இல்லை. அடுப்பு கொழுந்துவிட்டு எரிகிறவரை எப்படியோ தள்ளிக்கொண்டு போனது. தணலானதும் அப்படியே தங்கிவிட்டது. தங்கினது, கிடைத்த விரிசலில் மேலே வந்தது. நான் திருட்டு என்று சொன்ன சூடு, புகையைச் சுமந்து போவதற்கு அது வாங்கிய கூலி. கூலியை நான் நிறுத்தினேன். இழுப்பு இருக்குமா என்று நீங்கள் கேட்டது இதைத்தான். என் புத்தகம் முழுவதும் உங்கள் ஒரு கேள்வியில் இருந்தது.

சூளை பூட்டிவிட்டது, இனி யாருக்கும் ஆபத்தில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் உங்கள் மகள் காபி கொண்டுவந்து வைப்பாள். "மாமா, ஆறிடும், குடிங்க" என்பாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வேன். பதினோரு மாதம் அப்படித்தான் ஓடியது.

புரட்டாசி கடைசியில் மங்கலம்பேட்டை ரஹீம் பாய் என் வீட்டுக்கு வந்தார். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, பேட்டையில் ஒரு ஷெட் வாங்கியிருக்கிறார். கையில் அல்வா டப்பா. அந்தச் சூடு ரூமை அவருக்கும் வரைந்து தரவேண்டுமாம்.

"வேணாம் பாய்," என்றேன்.

"ஏன் சார்? எல்லாரும் அதப் பத்தியே பேசறாங்க. மழைக்கு வேற வழி இல்லியே."

"தரை விரிசல் விடும்."

"அவ்ளோதானா? நல்ல சிமெண்டாப் போட்டுக்கறேன்." பிறகு அவராகவே ஒன்றைப் புரிந்துகொண்டு சிரித்தார். "சம்பந்தி நெனப்பா வெச்சிருக்கீங்க, கை மாற மனசு வரலை, அதான? கவலப்படாதீங்க சார். செவுத்துல ஒரு கல்லு பதிச்சி அவரு பேரும் உங்க பேரும் வெட்டிடறேன்."

நம் இரண்டு பேரின் பேரும் ஒரே கல்லில்! பாதி உண்மை எவ்வளவு பயனில்லாதது பாருங்கள். நான் மறுத்ததை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். உங்களுக்குக் கட்டிய அதே கொத்தனாரை வைத்து வேலையும் ஆரம்பித்துவிட்டார்.

அது எனக்குத் தெரிந்தது அஞ்சலை சொல்லித்தான். பஸ் ஸ்டாண்டில், தூக்குச் சட்டியோடு நின்றாள். "பாய்கிட்ட வேலைக்குச் சேந்துட்டேன் சார். எட்டு பொம்பளைங்க. அங்கயும் சூடு ரூமு எழும்புது. மழ பேஞ்சா பேயட்டும்னு இருக்கலாம்."

"அன்னிக்கி தல சுத்துதுன்னு சொன்னியே?"

"சுத்தட்டும் சார். வேல இல்லன்னா வவுறுல்ல சுத்தும்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். எட்டுப் பெண்கள். கதவைச் சாத்திக்கொண்டு, நான் வரைந்த தரைமேல் உட்காரப் போகிறார்கள்.

பாயிடம் சொன்னால் அது அரை நாளில் பேட்டை முழுவதும் பரவும். உங்கள் வீட்டார் அதைத் தெருவில் கேட்கக்கூடாது. அதனால் செல்வியை அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே போனேன். பாக்கியம் தங்கச்சி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். "வாங்கண்ணே" என்று நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. தாள், வாய்க்கால், தலைவலி, விரிசல், கோணிச் சாக்கு, ஒன்று விடாமல் சொன்னேன். எடுத்துக்காட்டு எதுவும் சொல்லவில்லை.

செல்விதான் முதலில் பேசினாள். "அப்பா உங்ககிட்ட இழுப்பு கொறையுதுன்னு சொன்னாரு. நான் காபி டம்ளர் எடுக்க வந்தப்ப கேட்டேன்."

"ஆமாம்மா."

"தல கனமா இருக்குதுன்னாரு."

"ஆமாம்மா."

"வேற யாரா இருந்தாலும் அன்னிக்கே இடிச்சிருப்பாரு மாமா. பொண்ணக் குடுத்த எடம்னு உங்க பேச்சத் தட்டல. என்னாலதான் தட்டல."

அவளால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உங்கள் மனைவி என்னைப் பார்த்தார்கள். அழவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அண்ணே, அன்னிக்கி அவுரு வூட்லதான் படுக்கப் பாத்தாரு. கூரை ஒழுவுது, குளுருது, போயி சூடு ரூமுல படுங்கன்னு நாந்தான் அனுப்புனேன். மார் வலிச்சிக் கூப்புட்டிருப்பாரு, பக்கத்துல இல்லாத பாவி ஆயிட்டனேன்னு இந்த ஒரு வருஷமா நெஞ்சில அடிச்சிக்கினு இருக்கேன். சாமி கும்புட்டாக்கூட மன்னிப்புத்தான் கேக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சே இருந்திருக்குது. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

சம்பந்தி, இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டதால் தவிர்ந்தது என் அவமானம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். நான் சொல்லாமல் வைத்த பாரம் எங்கும் மறைந்து போகவில்லை. என் தலையிலிருந்து இறங்கினது அத்தனையும் அவர்கள் தலையில் இருந்திருக்கிறது. முப்பது வருஷம் அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தோன்றவில்லையே.

அங்கிருந்து நேராகப் பாயின் ஷெட்டுக்குப் போனேன். செங்கல் இரண்டு வரிசை எழும்பியிருந்தது. அவர் நின்றபடி கேட்க ஆரம்பித்து, சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "கொத்தனாரே, கரண்டியக் கீழ வைங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், அல்வா கொண்டாந்தேனே, அன்னிக்கே இதச் சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டார். கொத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையால் கட்டியதுதானே உங்களுடையதும். அவருக்கும் இனித் தூக்கம் இருக்காது.

செல்வி என்னோடு திரும்பி வரவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. என் மகன் செந்தில் காலையிலும் ராத்திரியிலும் எனக்குச் சோறு வைக்கிறான், பேசுவதில்லை. உங்கள்மேல் அவனுக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். நானும் அவனைப் பேசச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் செல்வி போன் பண்ணினாள். "புஸ்தகத்துல அப்பாவப் பத்தி எழுதித் தரேன்னு ஒத்துக்கிட்டீங்கல்ல. எழுதுங்க. எங்ககிட்ட சொன்னத அப்பாகிட்டச் சொல்லுங்க. ஊரு படிக்கட்டும்." அதனால்தான் இது. தாளை முடித்ததும் உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். அவள் படிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கோணிச் சாக்கு வந்த இடத்தில் நிறுத்தினாள். பிறகு தொடர்ந்தாள்.

வெளியே வந்து தாளை நீட்டியபோது, "கையெழுத்து போடலியே" என்றாள்.

"என்னன்னு போடறதுன்னு தெரியலம்மா. அந்த உறவச் சொல்லிக்க எனக்கு இனி உரிமை இருக்குதா?"

அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. "சம்பந்தின்னே போடுங்க. அதுலேருந்து உங்கள நான் வுட மாட்டேன்," என்றாள். தாளை அவளிடம் கொடுத்ததிலிருந்து இங்கே இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு சேர்த்து எழுதியது.

உங்கள் வருஷத் தெவசத்துக்கு வருவேன். பந்தியில் உட்காரச் சொன்னால் உட்காருவேன், சொல்லாவிட்டால் வாசலில் நிற்பேன். மழை விடுவதற்குள் பேட்டையில் அடுப்பு எரிகிற ஒவ்வொரு ஷெட்டுக்கும் போவேன். முதலாளியைப் பார்ப்பதற்கு முன்னால், உள்ளே வேலை செய்கிற பெண்களிடம் தலை வலிக்கிறதா என்று கேட்பேன். அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்பேன். உடனே பதில் சொல்லமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மகள் விடமாட்டேன் என்று சொன்னதால்,
இன்னமும் உங்கள் சம்பந்தி